வேரும் அச்சும் முரண்டு பிடித்தால்: மெய்வேர்ப் புனைமொழிக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மாமூல், மகசூல். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே தாளத்தில் விழும். இரண்டும் அரபியிலிருந்து நமக்கு வந்த சொற்கள். அங்கே அவை மஅமூல், மஹ்ஸூல். மாமூலுக்கு வேர் அ-ம்-ல் என்ற மூன்று ஒலிகள் (முதல் ஒலி நமக்கு உயிர் மாதிரி கேட்டாலும் அரபியில் அது தொண்டையில் பிறக்கும் மெய்). ‘அமல்படுத்து’ என்கிறோமே, அந்த அமலும் இதே வேர்தான். மகசூலுக்கு வேர் ஹ்-ஸ்-ல். தாசில்தாரில் இருக்கும் தாசிலும் அதிலிருந்து வந்ததே. ஆக, வேர் வேறு, அச்சு (வேர்மெய்களுக்கு இடையே உயிர்கள் விழும் வார்ப்பு) ஒன்று என்றால் மாமூலும் மகசூலும். வேர் ஒன்று, அச்சு வேறு என்றால் மகசூலும் தாசிலும். ஆஜர், வாரிசு இரண்டும் இன்னொரு அச்சு. வக்கீல், வக்காலத்து இரண்டும் இன்னொரு வேர்.

இப்படி மெய்களால் வேரும் உயிர்களால் அச்சும் அமைந்த ஒரு மொழியை நீங்களே உருவாக்க உட்கார்ந்தால், முதல் வாரம் எல்லாம் அற்புதமாகப் போகும். அப்புறம் எங்கோ இடறும். எங்கே இடறுகிறது என்பதை அறிகுறி பார்த்துத் தேடுவதற்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வேர்களையும் அச்சுகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்த அட்டவணையை முதலில் போட்டு, சொல்லை அதிலிருந்து பிழிந்தெடுப்பதால் வருபவை. வேரை யாரும் வாயால் சொல்வதில்லை. வாயில் இருப்பது சொற்கள் மட்டும்தான். சொற்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் வேர் என்ற ஒன்று தெரிகிறது.

குறியீடு: வேர்மெய்களை 1, 2, 3 என்று எழுதுகிறேன். அரபு இலக்கணக்காரர்கள் ‘செய்’ என்று பொருள்படும் ஃப்-அ-ல் வேரையே அச்சுக்கட்டையாக வைத்து ஃபாஇல், மஃப்ஊல் என்று அச்சுகளுக்குப் பெயரிடுகிறார்கள். அச்சுக்கு அவர்கள் சொல்லும் பெயர் வஸ்ன், அதாவது எடை. எடுத்துக்காட்டுக்கு நெசவைக் குறிக்கும் த்-ல்-ன் என்ற வேரை நானே உண்டாக்கிக்கொள்கிறேன். 1ஆ2உ3 அச்சில் தாலுன், ‘நெய்கிறார்’. 1ஒ23ஏ அச்சில் தொல்னே, ‘தறி’. 1இ22இ3 அச்சில் தில்லின், ‘துணி’.

எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் வாய்பாடு ஒப்பிப்பது போல இருக்கிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். ‘கமர் நகத் சரப் தலன்’ என்று வாக்கியம் போகும். ஒவ்வொரு சொல்லும் 1அ2அ3. கேட்பவருக்குக் காது மரத்துப்போகும்.

உடனே கைவைக்க வேண்டிய இடம் அச்சுகளின் எண்ணிக்கை அல்ல, அவற்றின் அசை அமைப்பு. உங்கள் அச்சுகளை உயிர்களை மறந்துவிட்டு, குறில் நெடில் ஒற்று மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள். பத்து அச்சுகளில் எட்டு ‘குறில், குறில், ஒற்று’ என்றே வந்தால் அதுதான் நோய். உயிரை மாற்றுவதால் தாளம் மாறாது. நெடில் எங்கே விழுகிறது, ஒற்று எங்கே இரட்டிக்கிறது, முன்னால் ஓர் அசை ஒட்டுகிறதா என்பவைதான் தாளத்தை மாற்றும். தாலுன், தொல்னே, தில்லின் மூன்றையும் தட்டிப் பாருங்கள், மூன்றும் வேறு வேறு நடை.

அடுத்து, எல்லாச் சொல்லையும் வேர் அமைப்புக்குள் அடைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அரபியிலேயே யத் (கை), தம் (இரத்தம்), அப் (தந்தை) போன்ற மிகப் பழைய சொற்கள் இரண்டு மெய்யோடு நின்றுவிடுகின்றன. சுட்டுச்சொற்கள், வினாச்சொற்கள், ‘உம்’ போன்ற இணைப்புகள் எல்லாம் அமைப்புக்கு வெளியே இருக்கட்டும். வாக்கியத்துக்கு மூச்சு விடும் இடம் கிடைக்கும்.

பன்மையையும் பாருங்கள். ஒரே ஒரு பன்மை அச்சு வைத்திருந்தால் எல்லாப் பன்மையும் எதுகையாக விழும். அரபியில் கிதாப் (புத்தகம்) குதுப் ஆகிறது, ரஜுல் (ஆண்) ரிஜால் ஆகிறது, வலத் (பிள்ளை) அவ்லாத் ஆகிறது, பைத் (வீடு) புயூத் ஆகிறது. ஒரே வேலைக்கு நாலு அச்சு. எந்தச் சொல்லுக்கு எது என்பதில் பாதி வடிவத்தைப் பார்த்து ஊகிக்கலாம், பாதி பழக்கம். படிக்கிறவருக்குச் சுமைதான், ஆனால் மொழிக்கு உயிர் அதில் இருக்கிறது. குறைந்தது மூன்று பன்மை அச்சாவது வையுங்கள் என்பேன்.

அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை, ஆனாலும் மொழி பொம்மை மாதிரி இருக்கிறது

என் முதல் முயற்சியில் 16 மெய்களை எடுத்துக்கொண்டேன். 16 × 16 × 16 என்றால் 4,096 வேர்கள். பன்னிரண்டு அச்சுகளை ஊற்றினேன், விரிதாள் ஒரே நாளில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் சொற்களைக் கொட்டியது. மூன்று மாதம் கழித்து அவற்றில் ஒன்றும் எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு சொல்லும் ‘இந்த வேர், இந்த அச்சு, ஆகவே இந்தப் பொருள்’ என்ற கணக்கு. கணக்கு யாருக்கும் நினைவில் நிற்காது.

அச்சு பொருளைத் தருவதில்லை, பொருளின் பக்கம் கை காட்டுகிறது. க்-த்-ப் எழுத்தைக் குறிக்கும் வேர். ‘இடம்’ என்பதைக் காட்டும் அச்சில் மக்தப் என்று வருகிறது. எழுதும் இடம் என்றால் மேசையாகலாம், பள்ளியாகலாம், குகைச்சுவராகலாம். அரபியில் அது அலுவலகம் என்று நின்றது. கொஞ்சம் நீட்டி மக்தபா என்றால் நூலகம். இந்த முடிவை எந்த விரிதாளும் எடுக்காது, அதைப் பேசிய மக்களின் வாழ்க்கை எடுத்தது.

ஆகவே, கட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிடுங்கள். அழிப்பதற்கு மனசு வராது, எனக்கும் வரவில்லை. ஒரு சின்னக் கதையை, ஒரு கடிதத்தை உங்கள் மொழியில் மொழிபெயர்க்கத் தொடங்குங்கள். தேவைப்படும்போது மட்டும் ஒரு சொல் உண்டாக்குங்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு தனிப்பட்ட சாய்வு கொடுங்கள். தொல்னே தறி என்று வைத்தேன். ஒரு கதையில் பொறுமையான ஒருவரைக் குறிக்கச் சொல் தேவைப்பட்டபோது, ‘அதிகம் நெய்பவர்’ என்ற அச்சிலிருந்து எடுத்தேன். இப்போது அந்தச் சொல்லுக்கு நெசவோடு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஏன் அப்படி ஆனது என்பது எனக்கு மறக்கவே மறக்காது.

சொல்ல வாய் வரவில்லை

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, மருந்தும் வேறு வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு வேர் எல்லா அச்சிலும் நாக்கைப் பிடித்தால், கோளாறு வேரில். அரபு வேர்களில் எந்த மெய்கள் சேர்ந்து வருகின்றன என்று மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1950இல் ஆராய்ந்து எழுதினார். ஒரே இடத்தில் பிறக்கும் இரண்டு மெய்கள் ஒரே வேரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது பொதுவாக அரிது. முதலும் இரண்டாவதும் ஒரே மெய்யாக வருவது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக வரலாம். ம்-த்-த், ‘நீட்டு’ என்பது சாதாரண வேர். இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ப்-ம்-க் போன்றவற்றை வேர்ப்பட்டியலிலிருந்து தூக்குங்கள். என் 4,096இல் முதலிரு மெய்யும் ஒன்றாக இருந்தவை மட்டும் 256. அவற்றை நீக்கியதே பெரிய நிம்மதி.

எல்லா வேரும் ஒரே அச்சில் மட்டும் சிக்கினால் கோளாறு அச்சில். பெரும்பாலும் 2, 3 இரண்டும் ஒட்டி நிற்கும் அச்சுதான் அது. இதற்கு அச்சைக் கைவிட வேண்டியதில்லை, புணர்ச்சி விதி போடுங்கள். அது நமக்குக் கைவந்த விஷயம். கல் + தூண் = கற்றூண் என்று ல், த் இரண்டும் உருகி ற்ற ஆவதைப் பள்ளியிலேயே படித்தோம். ந்-ல்-த் என்ற வேரை 1ஒ23ஏ அச்சில் போட்டால் நொல்தே. நம் விதியை ஓட்டினால் நொற்றே. இப்போது சொல் வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது. வேர் கொஞ்சம் மறைந்துவிட்டது, உண்மை. ஆனால் மற்ற வடிவங்களில் ல், த் இரண்டும் தெளிவாக நிற்பதால் கேட்பவர் மீட்டெடுத்துவிடுவார்.

ய், வ் வரும் வேர்கள் மட்டும் அட்டவணையை உடைக்கின்றன

உடைக்கட்டும். இதைக் கோளாறு என்று நினைத்துப் பலர் ய், வ் இரண்டையும் வேரிலிருந்தே விலக்கிவிடுகிறார்கள். கைக்கு வந்த நல்ல வாய்ப்பைத் தள்ளிவிடுவது அது. இப்படி நலிந்த மெய் கொண்ட வேர்கள்தான் இவ்வகை மொழிகளின் மிக அழகான பகுதி.

அரபியில் க்-வ்-ல் ‘சொல்’ என்ற வேர். இறந்தகாலத்தில் வ் கரைந்து கால, ‘சொன்னான்’ என்று நெடிலாகிறது (முதல் அசை கா: காஅல என்று நீட்டிச் சொல்லுங்கள்). ஸ்-ய்-ர், ‘நட’ என்பதும் அதே மாதிரி ஸார, ‘நடந்தான்’. இங்கே பார்த்தால் வ் எது, ய் எது என்றே தெரியாது. நிகழ்காலத்துக்கு வாருங்கள்: யகூலு, யஸீரு. வ் ஊவாகவும் ய் ஈயாகவும் முகம் காட்டுகின்றன. வ்-ஸ்-ல், ‘சேர்’ என்பதில் வ் முதலில் நிற்கிறது. வஸல, ‘சேர்ந்தான்’, நிகழ்காலத்தில் யஸிலு, வ் போயே போய்விட்டது. நாம் சொல்லும் வசூல் இந்த வேரில் பிறந்ததுதான்.

உங்கள் மொழிக்கு இதைச் செய்யும்போது முடிவுகளைத் தனித்தனியாகக் கற்பனை செய்யாதீர்கள். இரண்டோ மூன்றோ ஒலிவிதிகளை மட்டும் எழுதி, எல்லா வேர்களையும் அவற்றின் வழியே ஓட்டுங்கள். ந்-வ்-ல் வேரை முதலில் சொன்ன மூன்று அச்சுகளிலும் போடுகிறேன்: நாவுல், நொவ்லே, நிவ்வில். விதி ஒன்று: உகரத்துக்கு முன் வ் விழும், ஆவும் உவும் கூடி ஔ ஆகும். விதி இரண்டு: ஒகரத்தை அடுத்து ஒற்றாக வரும் வ் கரைந்து ஓவாக நீளும். நாவுல் நௌல் ஆகிறது. நொவ்லே நோலே ஆகிறது. நிவ்வில் மட்டும் நிவ்வில்லாகவே நிற்கிறது, இரட்டித்த வ் எளிதில் கரையாது. நௌல், நோலே, நிவ்வில்: மூன்றும் ஒரே குடும்பம் என்பது மூன்றாவதைக் கேட்டபிறகுதான் உறைக்கும். இந்த உறைப்புக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இரண்டு வேர்கள் ஒரே சொல்லில் மோதுகின்றன

ஒரு கட்டத்தில் மட்டும் மோதினால் விட்டுவிடுங்கள். மேலே பார்த்தபடி, அடுத்த வடிவம் பிரித்துக் காட்டிவிடும். எல்லாக் கட்டத்திலும் மோதினால் ஒரு வேரை மாற்றுங்கள். முன்னொட்டு மெய்யும் வேர்மெய்யும் குழம்பினால் (ம- முன்னொட்டா, ம் வேரின் முதல் மெய்யா என்று) அந்த முன்னொட்டை ஓர் உயிராக மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். தற்செயலாகத் தமிழ்ச்சொல் ஒன்று விழுவதும் உண்டு. 1அ2அ3 அச்சில் ம்-ர்-ம் போட்டால் மரம். அதற்குக் கடல் என்று பொருள் வைத்தால் உங்கள் மனமே ஒத்துழைக்காது, வேறு வேர் எடுங்கள்.

அரபிக்கு வேறு சட்டை போட்டது போலத் தெரிகிறது

ம- என்றால் இடம், நடுமெய் இரட்டித்தால் ‘செய்யவை’ என்று வைத்திருப்பீர்கள். அதுதான் காட்டிக்கொடுக்கிறது. அச்சின் வடிவத்தைக் கடன் வாங்கினாலும், அதன் வேலையை மாற்றிவிடலாம். அரபிக்கு உறவான மொழிகளே அப்படித்தான் செய்திருக்கின்றன. அரபியில் தரஸ ‘படித்தான்’, நடுமெய் இரட்டித்தால் தர்ரஸ ‘கற்பித்தான்’. பண்டைய மெசபடோமியாவில் பேசிய அக்காதிய மொழியில் ப்-ர்-ஸ் என்ற வேர், ‘பிரி’. இப்ருஸ் ‘பிரித்தான்’, இபர்ரஸ் ‘பிரிக்கிறான்’. அதே இரட்டிப்பு, ஆனால் இங்கே அது காலம் காட்டுகிறது.

இந்த இடத்தில் நம் மொழியைப் பார்க்காமல் போகக்கூடாது. உருகு, உருக்கு. திருந்து, திருத்து. ஒற்றின் வன்மையால் தன்வினை பிறவினையாகிறது. கெடு கேடாகிறது, படு பாடாகிறது, சுடு சூடாகிறது, பெறு பேறாகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணம் சொல்லும் இது, மெய்கள் அப்படியே நிற்க உயிர் மட்டும் நீண்டு வினையைப் பெயராக்குவது. ஒரு சிறு மூலையில் தமிழும் அச்சு வேலை செய்கிறது. இதையே மொழி முழுக்கப் பரப்பினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அரபியின் சாயல் துளியும் இல்லாத ஒரு மெய்வேர் மொழி அங்கிருந்து கிளம்பும்.

கலிபோர்னியாவின் யோக்குட்ஸ் மொழிகளில் இன்னொரு வழி இருக்கிறது. பின்னொட்டு வந்து சேரும்போது, தனக்கு முன்னால் உள்ள அடிச்சொல் எந்த அசை வடிவத்தில் இருக்க வேண்டும் என்று அதுவே நிர்ணயிக்கிறது. அச்சு தனியாக இல்லை, ஒட்டோடு கூடவே வருகிறது. மேற்காசியாவுக்கு வெளியே இந்த உத்தி இருப்பதைத் தெரிந்துகொண்டால் கை தானாகவே விரியும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ‘ஒரு மக்கள் பேசியது’ என்று நம்ப முடியவில்லை

வரலாறு இல்லை, அதனால்தான். எந்தச் சமூகமும் கூடி உட்கார்ந்து ‘இனி மெய் பொருள், உயிர் இலக்கணம்’ என்று தீர்மானிக்கவில்லை. சாதாரண ஒட்டுகள் தேய்ந்து தேய்ந்துகூட இது வரலாம். ஆங்கிலத்தின் ஃபுட், ஃபீட் அதற்குச் சின்னச் சான்று. பழைய பன்மை ஒட்டில் இருந்த இகர ஒலி முன்னால் இருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்தது, பிறகு ஒட்டு உதிர்ந்துபோனது, இழுபட்ட உயிர் மட்டும் மிஞ்சியது.

தலன் ‘நெய்’ என்று ஒரு பழஞ்சொல் இருந்ததாக வைத்துக்கொள்வோம். -இ சேர்த்தால் நெய்பவர், -உ சேர்த்தால் நெய்யப்பட்டது. தலனி, தலனு. முதல் படி, கடைசி உயிர் தனக்கு முந்தியதை இழுக்கிறது: தலினி, தலுனு. இரண்டாம் படி, கடைசி உயிர் உதிர்கிறது: தலின், தலுன். மூன்றாம் படி, இ- என்ற முன்னொட்டு வந்தால் அடுத்த குறில் விழுகிறது: இதலன், இத்லன். இப்போது தலன், தலின், தலுன், இத்லன் நான்கையும் கேட்டு வளரும் குழந்தைக்கு மாறாமல் நிற்பது த்-ல்-ன் மட்டும்தான். வேர் அந்தக் குழந்தையின் காதில் பிறக்கிறது.

நாலாம் படிதான் முக்கியம், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒப்புமை. கிமோர் என்று ‘கப்பல்’ஐக் குறிக்கும் சொல் ஒன்று இருக்கிறது, அதன் உயிர்கள் வேறு. ஒலிவிதிப்படி போனால் கிமோரி, கிமிரி, கிமிர் என்று ஆக வேண்டும். ஆனால் தலின் மாதிரி நூறு சொல் கேட்ட வாய் அதைக் கமிர், ‘மாலுமி’ என்று சொல்லிவிடுகிறது. அந்த நிமிடம் முதல் அச்சு மொழியின் சொத்து. ஒலிவிதியின் மிச்சமாக அதை இனிப் பார்க்க முடியாது. சில பிடிவாதமான சொற்களை மட்டும் பழைய வடிவத்திலேயே விட்டுவைத்தால் நம்பகம் இன்னும் கூடும்.

வெளியிலிருந்து வரும் சொல் உள்ளே நுழைய மறுக்கிறது

மூன்று மெய்க்கு மேல் இருந்தால் பயப்பட வேண்டாம், நாலு மெய் வேருக்கும் ஓர் அச்சு வைத்துக்கொள்ளுங்கள். டெலிபோன் அரபியில் த்-ல்-ஃப்-ன் என்ற வேராகி, தல்ஃபன, ‘தொலைபேசினான்’ என்று வினையாகவே ஆகிவிட்டது. ஃபில்ம் பன்மையில் அஃப்லாம். பேங்க் பன்மையில் புனூக். எல்லாக் கடன்சொல்லையும் இப்படி உடைக்கவும் வேண்டாம். நேற்று வந்த சொல்லை ஒட்டு சேர்த்து அப்படியே விடுங்கள், நாளாக ஆக உள்ளே இழுத்துக்கொள்ளட்டும்.

தமிழ் எழுத்தில் எழுதினால் வேர் கண்ணுக்குத் தெரியவில்லை

தாலுன், தொல்னே, தில்லின் என்று எழுதும்போது த என்ற மெய் தா, தொ, தி என்று மூன்று உருவம் எடுக்கிறது. தொ-வில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. கண் குழம்புவது இயல்பு. வேர்களை எப்போதும் புள்ளி வைத்து, கோடு போட்டுப் பிரித்தே எழுதுங்கள். க, த, ப ஒவ்வொன்றுக்கும் உங்கள் மொழியில் வல்லொலியும் மெல்லொலியும் தனித்தனி மெய்களா என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். தனி என்றால் இரண்டாவது ஒலிக்கு ஓர் அடையாளம் வேண்டும், இல்லாவிட்டால் பாதி வேர்கள் காகிதத்தில் ஒன்றாகிவிடும். தனி இல்லை என்றால் சொல்முதலில் வலிந்தும் உயிர்களுக்கு நடுவே மெலிந்தும் ஒலிக்கட்டும், தமிழில் ஒலிப்பது போலவே.

அகராதியைப் பொறுத்தவரை, அரபு அகராதிகளில் பல வேர் வரிசையில் அமைந்தவை, மக்தப் அங்கே க்-த்-ப் என்ற வேரின் கீழ்தான் கிடைக்கும். நான் அப்படி வைப்பதில்லை. முதல் பத்தியில் சொல், இரண்டாவதில் பொருள், மூன்றாவதில் அந்தச் சொல் முதன்முதலில் வந்த வாக்கியம். வேர் கடைசிப் பத்தியில், பென்சிலால்.